'அப்பா, ஏன் செய்தி வாசிக்கிறீங்க?'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களாக மின்சிகரெட் பற்றிய செய்தி இல்லாமல் பத்திரிகை வருவது அபூர்வமாகிவிட்டது. எத்தனை பேர் பிடிபட்டார்கள், எந்தச் சோதனைச்சாவடியில் எத்தனை பெட்டி சிக்கியது, அபராதம் எவ்வளவு, எல்லாம் வருகிறது. அதோடு வாசகர் கடிதங்களில் ‘பெற்றோர் பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேச வேண்டும்’ என்று ஒரு வரியும் தவறாமல் வருகிறது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேச வேண்டும், சரி. எப்படி ஆரம்பிப்பது? எந்த நேரத்தில்? முக்கியமாக, எந்த மொழியில்? இதை யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாமே தப்பாகச் செய்து தெரிந்துகொண்டது.

நான் பேருந்து ஓட்டுநர். சிங்கப்பூரில், ஈசூனில் நான்கறை வீடு. மனைவிக்கு ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை. மகன் உயர்நிலை இரண்டு, மகள் தொடக்கநிலை நான்கு. ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் எதற்கோ வண்ணம் தீட்ட அண்ணனின் பென்சில் பெட்டியைத் துழாவிவிட்டு, “அப்பா, இந்த ஹைலைட்டர் எழுதவே மாட்டேங்குது” என்று ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். இளம் ஊதா நிறம், என் கட்டை விரலைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு முனையில் சின்ன ஓட்டை. முகர்ந்து பார்த்தேன். திராட்சை வாசனை. சின்ன வயதில் எங்கள் அம்மா கொடுத்த இருமல் மருந்து வாசனையேதான். பத்து விநாடி எனக்கு அது என்னவென்றே புரியவில்லை. பேருந்து நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைத் தினமும் பார்க்கிறவன், பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணியில் இதைப் பற்றிப் பேசியதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டவன். ‘யார் வீட்டுப் பிள்ளைகளோ பாவம்’ என்று அப்போது என் மனைவியிடம் சொன்னதும் நான்தான்.

அப்புறம் நடந்ததை மறைக்க ஒன்றுமில்லை. கத்தினேன். ‘யார் கொடுத்தது’ என்ற ஒரே கேள்வியைப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். மனைவி ஒரு பக்கம் மானம் போச்சு என்று அழுகை. அவன் வாயே திறக்கவில்லை. கை ஓங்கினேன், அடித்தும்விட்டேன். பதினான்கு வயதுப் பையனை, அவன் தங்கை பார்க்க. அந்த நிமிடம் அவன் முகம் இறுகியதை நான் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் எங்கள் வீட்டில் அவன் பேசிய தமிழ் அநேகமாக ‘ம்’, ‘இல்ல’ இரண்டும்தான்.

அடித்ததைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், நானே எடுத்துக்கொண்டேன். இங்கே சொல்ல வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி. ‘யார் கொடுத்தது’ என்பது நமக்கு வெகு நியாயமான கேள்வியாகத் தெரிகிறது. அவனுக்கு அது நண்பனைக் காட்டிக்கொடு என்று கேட்பது. பதினான்கு வயதில் அதைவிடக் கேவலம் அவர்களுக்கு எதுவும் கிடையாது, நமக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தது. முதல் கேள்வியே அதுவாகப் போனால் இரண்டாவது கேள்விக்கு ஆள் இருக்க மாட்டான்.

சரி, அடித்துப் பேசியது நடக்கவில்லை, அறிவோடு பேசிப் பார்ப்போம் என்று அடுத்த ஞாயிறு உட்கார்ந்தேன். அதற்கு முந்தின இரவு எல்லாவற்றையும் படித்தேன். சுகாதார அமைச்சின் இணையத்தளம், பள்ளியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம், எல்லாம். ஒரு தாளில் குறித்தும் வைத்துக்கொண்டேன். அவனைக் கூடத்தில் எதிரே உட்கார வைத்து, “மின்சிகரெட்டில் இருக்கும் நிக்கோடின் வளரும் பருவத்தில் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய...” என்று தொடங்கினேன். நான் தாளைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “அப்பா, ஏன் செய்தி வாசிக்கிறீங்க?”

கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் கேட்டிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் வெட்கமாகவும் இருந்தது, ரொம்ப நாள் யோசித்தும் பார்த்தேன். எங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அந்தத் தமிழ் எதற்குப் பயன்படுகிறது? எழுந்திரு, குளி, சாப்பிடு, வீட்டுப்பாடம் முடிச்சியா, கோயிலுக்குக் கிளம்பு. இவ்வளவுதான். அவன் பயப்படுவது, நண்பனோடு மனஸ்தாபப்படுவது, பரீட்சைக்கு முன்னால் வயிற்றைக் கலக்குவது எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது, கைப்பேசிக்குள் நடக்கிறது. நான் ஆங்கிலத்தில் பேசப் போனால் அது பேருந்து ஆங்கிலம், “மூவ் இன் ப்ளீஸ்” என்பதற்கு மேல் நீட்டினால் இலக்கணம் தடுக்கும், அவனும் மரியாதைக்குச் சிரிக்காமல் இருப்பான். ஆக எங்கள் இருவருக்கும் நடுவே இந்த விஷயத்தைப் பேச ஒரு மொழியே இல்லை. மின்சிகரெட் என்று நான் சொல்வதைக்கூட அவன் தமிழ்த் தேர்வுத் தாளில் வரும் சொல்லாகத்தான் கேட்கிறான். “யாரும் அப்படிச் சொல்றதில்லப்பா, வேப்.” சரி, வேப்.

மூன்றாவது தடவைதான் பேச்சு நடந்தது, அதுவும் நான் திட்டம் போட்டு நடந்ததில்லை. செப்டம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பின்னிரவு வேலை முடிந்து வந்தேன். பசி. அவன் தூங்காமல் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். “பரோட்டா சாப்பிடப் போறேன், வர்றியா?” என்றேன். வந்துவிட்டான். எங்கள் புளோக்கிலிருந்து அந்தக் கடைக்குப் பன்னிரண்டு நிமிட நடை. மின்தூக்கியில் ஒன்றும் பேசவில்லை. கார்ப்பேட்டையைத் தாண்டும்போது, “அன்னிக்கு அடிச்சது தப்பு” என்று சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை, ஆனால் நடையைக் கொஞ்சம் குறைத்தான். எதிரெதிரே உட்கார்ந்தபோது வராத பேச்சு பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இருட்டாக இருந்தது, இரண்டு பேரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேருந்திலும் பார்த்திருக்கிறேன், பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்த அப்பாவும் பிள்ளையும் கடைசி நிறுத்தம் வருவதற்குள் எதையாவது பேசிவிடுகிறார்கள்.

அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று. “எப்ப அது வேணும்னு தோணுது?”

யோசித்துச் சொன்னான். இடைவேளையில். கணிதச் சோதனைக்கு முன்னால். கழிப்பறையில் நாலு பேர் நிற்கும்போது தான் மட்டும் வேண்டாம் என்றால் ‘நைஸ் பாய்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்பதால். வீட்டில் சத்தம் போடும்போது. கடைசியில் சொன்னதைக் கேட்டு என் வாய் அடைத்துப்போனது, ஆனால் அதுவரை எனக்குத் தெரியாத நாலு விஷயம் நாலு வரியில் கிடைத்துவிட்டது. யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. பரோட்டா வந்து, அவன் இரண்டாவது மைலோ கேட்டு, அதைக் குடித்து முடிக்கும்போது தானாகவே சொன்னான்: டெலிகிராமில் யாரோ ஒரு ஆள், பள்ளியில் ஒரு அண்ணன் மொத்தமாக வாங்கிப் பிரித்துத் தருவான், ஒன்று பதினைந்து வெள்ளி. பெயர் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

இனி என்னென்ன சொன்னேன், எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று எழுதுகிறேன், யாருக்காவது பயன்படலாம்.

‘இது வெறும் ஆவிதானே’ என்றுதான் பிள்ளைகள் நம்புகிறார்கள். அதற்கு நான் இரசாயனப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. “தண்ணி குடிக்கும்போது புரை ஏறினா என்ன பாடுபடுறோம்? வெறும் தண்ணி, ரெண்டு சொட்டு. மாம்பழச் சாறு வயித்துக்குப் போகலாம், நுரையீரலுக்குள்ள ஊத்தலாமா?” என்றேன். அதில் இருப்பது ஆவி இல்லை, கிளிசரின் போன்ற பிசுபிசுப்பான திரவத்தில் வாசனையும் நிக்கோடினும் கலந்து, சுருள் கம்பியைச் சூடாக்கி வரும் நுண்துளிகள். சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற நஞ்சும் உண்டாகும், கம்பியிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் சேரும். சாப்பிடப் பாதுகாப்பானது என்று சொல்லப்படும் வாசனைப் பொருள் எல்லாம் வயிற்றுக்குச் சோதித்துப் பார்த்தது, மூச்சுக்குழாய்க்கு இல்லை. இதை அவன் கேட்டுக்கொண்டான். பயந்த மாதிரி தெரியவில்லை.

நிக்கோடின் கணக்கு கொஞ்சம் உறைத்தது. பத்தொன்பது வருடம் புகைபிடித்தவன் என்பதால் எனக்கு இது கையில் தொட்டுப் பார்த்த விஷயம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போகும் நிக்கோடின் சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். ஐந்து விழுக்காடு என்று போட்டிருக்கும் வேப் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 50 மில்லிகிராம் இருக்கிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது, சாம்பலாகி விரலைச் சுடும், அணைத்துவிட்டுப் போக வேண்டும். இதற்கு முடிவே இல்லை, பாக்கெட்டிலேயே கிடக்கிறது, கழிப்பறையில் இரண்டு இழுப்பு, போர்வைக்குள் இரண்டு இழுப்பு, எத்தனை என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. நான் பதினேழு வயதில் முதல் சிகரெட்டைப் பிடித்தபோது தொண்டை கரித்து, தலை சுற்றி, வாந்தி எடுத்தேன். உடம்பு கொடுத்த முதல் எச்சரிக்கை அது. நிக்கோடினை உப்பு வடிவத்தில் சேர்ப்பதால் வேப்பில் அந்தக் கரிப்பு குறைவு. அதாவது எச்சரிக்கையையே கழற்றிவிட்டு விற்கிறார்கள். “உன்னைவிட நான் அதிர்ஷ்டக்காரன், எனக்காவது வாந்தி வந்துச்சு” என்றேன். சிரித்தான்.

ஆனால் அவனை நிஜமாகவே நிற்கவைத்தது வேறு. கேபோட் என்ற பெயரை அவன் என்னைவிட முன்னாலேயே கேட்டிருந்தான். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தான் பிடித்தது அது இல்லை என்று உறுதியாகச் சொன்னான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “இது திராட்சைப்பா.” அப்போது ஜூலையில் வந்த செய்தியைச் சொன்னேன்: அதிகாரிகள் பறிமுதல் செய்த வேப்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது மூன்றில் ஒன்றில் எட்டோமிடேட் இருந்தது. மேலே திராட்சைப் படம் போட்டிருந்ததா மாம்பழப் படம் போட்டிருந்ததா என்பது உள்ளே என்ன என்பதைச் சொல்லாது. அந்த டெலிகிராம் ஆளுக்கே தெரிந்திருக்குமா தெரியாது.

அடுத்துச் சொன்னது எனக்கே அந்த நேரத்தில்தான் தோன்றியது. என் மாமியாருக்குப் போன வருடம் அறுவை சிகிச்சை நடந்தது, அவன் மருத்துவமனைக்கு வந்திருந்தான். “அம்மாச்சிக்கு மயக்க மருந்து கொடுத்தாங்கல்ல, அந்த ரகத்தைச் சேர்ந்ததுதான் எட்டோமிடேட். ஊசி வழியா ரத்தத்துல போடுற மருந்து. போட்டதும் தூங்கிடுவாங்க. ஆனா அங்க என்ன நடந்துச்சு? ஒரு டாக்டர் வேற வேலையே பார்க்காம தலைமாட்டுல உட்கார்ந்து அம்மாச்சி மூச்சை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தாரு. மூச்சு நின்னா கொடுக்க மிஷின் பக்கத்துலயே. அதே மாதிரி மருந்தைக் கழிப்பறையில நின்னு இழுத்தா, உன் மூச்சை யாருடா பார்ப்பா? அந்த நாலு பேரா?”

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், “அம்மாச்சிக்குத் தெரியுமா?” என்று கேட்டான். வேப் பற்றித்தான். தெரியாது என்றேன். அதுவரை நான் நுரையீரலைப் பற்றிப் பேசியதெல்லாம் ஒரு பக்கம், அவன் கவலை முழுவதும் அம்மாச்சி பக்கம் இருந்தது.

இதில் ஒரு தப்பு நடக்கக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் பயங்கரப் படங்களை எல்லாம் காட்டி மிரட்டலாம் என்று எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் செய்தார். எம்ஆர்டி ரயிலில் தள்ளாடிக்கொண்டு நிற்கும் இளையர்களின் காணொளி. அவர் பிள்ளை அதை ஏற்கெனவே நாற்பது தடவை பார்த்து, நண்பர்களுக்கும் அனுப்பிச் சிரித்திருக்கிறான். அவர்களைப் பொறுத்தவரை அது வேறு யாரோ. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த அம்மாச்சி வேறு யாரோ இல்லை.

மலேசியாவில் இருக்கும் ஜோகூர் விஷயத்துக்கு வருகிறேன், இதை நம்மில் பலர் பேசாமல் விடுகிறோம். என் தங்கை குடும்பம் அங்கே மாசாயில் இருக்கிறது. தங்கை கணவர் கழுத்தில் கயிற்றோடு வேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இழுப்பார். தீபாவளிக்குப் போனால் கூடத்தில் மத்தாப்புப் புகையைவிட அந்த வாசனைதான் அதிகம். “அங்க மாமா பிடிக்கிறாரே, அவரை யாரும் பிடிக்கலியே?” என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ‘அவர் பெரியவர்’ என்று சொன்னால் சட்டம் ஒரு வயது விஷயம் என்று ஆகிவிடும். இங்கே அப்படியும் இல்லை. சிகரெட்டுக்கு இருபத்தொரு வயது என்று வரம்பு இருக்கிறது. வேப்பை 2018 பிப்ரவரி முதல் எந்த வயதிலும் வைத்திருக்கக்கூடக் கூடாது. மலேசியாவில் சட்டம் வேறு, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பது அங்கும் உண்டு. நான் கடைசியில் சுற்றிவளைக்காமல் சொன்னேன்: “மாமா செய்றது எனக்கும் பிடிக்கல. அவரோட நுரையீரலும் உன்னோடது மாதிரிதான். அவருகிட்ட நான் இதைச் சொன்னதில்ல, பயம், வீட்டு மாப்பிள்ளை.” அவனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கும் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டான். அவனுக்குக் கழிப்பறை, எனக்கு மாசாய்.

அதேபோல, “நீங்க பிடிச்சீங்களே” என்பதும் வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும். புளோக்கின் கீழே நின்று நான் புகைத்ததைச் சின்ன வயதில் அவன் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறான். அந்தக் காலம் வேறு என்று மழுப்பாமல் எத்தனை தடவை விட்டேன், எத்தனை தடவை மறுபடி பிடித்தேன் என்று சொன்னேன். மூன்றாம் தடவைதான் நின்றது. ஒரு சிகரெட் கடன் கேட்டு அறிமுகமே இல்லாத ஒரு ஆளிடம் போய் நின்றதைச் சொன்னேன். அதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, இந்தக் கடிதத்தில்தான் படிக்கப் போகிறாள்.

இப்போது சட்டம் பற்றி. பல பெற்றோர் வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான், எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் அப்படி இருக்கின்றன. வெளியே சொன்னால் போலிஸ் வரும், பள்ளியில் பெயர் கெடும், பிற்காலத்தில் வேலைக்கு ஆபத்து என்று பயந்து, வேப்பைத் துணியில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் திட்டுவதோடு முடித்துக்கொள்கிறார்கள். பயம் எனக்கும் இருந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று தண்டனையைக் கூட்டினார்கள். அப்போது அறிவித்தது இது: பிடிபட்டால் பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு முதல் தடவை 500 வெள்ளி, பெரியவருக்கு 700 வெள்ளி, மறுபடி பிடிபட்டால் கட்டாய மறுவாழ்வு. எட்டோமிடேட்டை அப்போது போதைப்பொருள் சட்டத்தில் சி பிரிவில் தற்காலிகமாகச் சேர்த்தார்கள், முதல் தடவையே அபராதத்தோடு மறுவாழ்வும், விற்பவருக்குச் சிறையும் பிரம்படியும் என்றார்கள். ஆனால் இதே அறிவிப்புகளில் நம்மவர் பலர் படிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. தானாக முன்வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை கிடையாது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் புகைப்பழக்கத்தை விட உதவும் எண் 1800 438 2000. நான் கூப்பிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கூப்பிட்டேன்.

வேப்பைப் போட சமூக மன்றங்களில் ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. நானே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான், பதினைந்து வெள்ளி என்று நினைத்தானோ என்னவோ. போட்டதும் ஏற்கெனவே உள்ளே கிடந்த எதன் மேலேயோ விழுந்து டக்கென்று சத்தம் கேட்டது. “உள்ள நிறைய இருக்கு” என்றான். அதில் அவனுக்கு ஒரு ஆறுதல் தெரிந்தது. எனக்கு வயிறு கலங்கியது.

போட்டதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் அது அடுத்த தப்பு. முதல் நாலைந்து நாள் வீட்டில் ஒரு பூதம் இருந்தது. தங்கை மேல் எரிந்து விழுவது, கதவை அறைவது, ராத்திரி தூக்கமில்லாமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவது, புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம். மனைவிக்குத் திரும்பப் பிடிக்கிறானோ என்று சந்தேகம். திரும்பப் பிடிக்காததால்தான் இப்படி என்று அவளுக்குச் சொல்ல நான் வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நான் அந்த வழியாகப் போய் வந்தவன். நிக்கோடின் நின்ற இரண்டு மூன்று நாளில்தான் உடம்பு அதிகமாகப் படுத்தும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து சில வாரத்தில் அடங்கும். இந்த நாட்களில் பிள்ளை முறைப்பதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு மறுபடி சண்டையை ஆரம்பித்தால் எல்லாம் போச்சு. நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஐஸ் தண்ணீர், புளிப்பு மிட்டாய் ஒரு பொட்டலம், வேலை நேரம் ஒத்துவந்த இரவுகளில் அந்தப் பன்னிரண்டு நிமிட நடை. என் மனைவி தன் பங்குக்கு ஒரு வாரம் அவனைப் படி என்றே சொல்லவில்லை. அவளுக்கு அது என் சிகரெட்டை நான் விட்டதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

பள்ளியைப் பற்றி ஒரு குறை. எந்தப் பள்ளி என்று எழுத விரும்பவில்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றும் சொல்ல மாட்டேன். பெற்றோருக்கு இது பற்றி வந்த கடிதம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், அதில் சட்டப் பிரிவுகளும் ‘கலந்துரையாடலை ஊக்குவியுங்கள்’ என்ற வரியும் இருந்தன. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, “எப்படிப் பேசுறதுன்னு யாராவது சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டேன். இணைய முகவரி ஒன்று கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் காதருகே, “அண்ணே, உங்க பையனுமா?” என்றார். அந்த ‘உம்’மைக் கேட்டதும்தான் இந்தக் கடிதத்தை எழுத முடிவு செய்தேன்.

ஆசிரியர் அவர்களே, எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பத்திரிகையில் வாரம் கால் பக்கம் போதும். நிபுணர் கட்டுரை வேண்டாம், அது எங்களுக்கு மறுபடி செய்தி வாசிக்கத்தான் உதவும். வீட்டில் பேசுகிற தமிழில், ஓர் அம்மாவோ அப்பாவோ பிள்ளையிடம் என்ன சொன்னார், பிள்ளை என்ன பதில் சொன்னது என்று பெயர் போடாமல் வாங்கிப் போடுங்கள். தப்பாகப் போன பேச்சுகளையும் போடுங்கள், அவை இன்னும் உதவும். பிள்ளைகளிடமும் கேளுங்கள், எங்களிடம் எதைக் கேட்டால் வாயைத் திறப்பார்கள் என்று. நாங்கள் வாய்ப்பாடு மாதிரி படித்துக்கொள்கிறோம். தமிழாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: வகுப்பில் கட்டுரைத் தலைப்பாக ‘மின்சிகரெட்டின் தீமைகள்’ கொடுக்காதீர்கள். என் மகன் அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கினான். எழுதியது ஜூலையில்.

இது ஒன்பதாவது வாரம். போன வியாழக்கிழமை நிலையத்தில் எனக்கு எட்டு நிமிட ஓய்வு. கைப்பேசியைப் பார்த்தால் அவனிடமிருந்து ஒரு செய்தி: ‘பா இன்னிக்கு ஒரு தடவை. ஃப்ரெண்டோடது. சொல்லிட்டேன்.’ நீளமாக ஒன்று தட்டினேன், நம்பிக்கை, அம்மா, எதிர்காலம் எல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்தேன், மறுபடி செய்தி வாசிப்பு. அழித்துவிட்டேன். வண்டியை எடுக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, ‘ராத்திரி நடக்கப் போலாம்’ என்று மட்டும் அனுப்பினேன். அடுத்த நிறுத்தத்தில் பார்க்க முடியவில்லை, கூட்டம். கடைசி நிறுத்தத்தில்தான் பார்த்தேன். ‘ஓகே. பரோட்டா நீங்க வாங்கணும்.’

இப்படிக்கு,
ஒரு பேருந்து ஓட்டுநர்,
ஈசூன்